இடது கைக்கும் ஒரு வேலை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. மலரில் வர வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால், மேடையில் நேரம் போதாமல் விட்டுப்போன சில விஷயங்களையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன்.)



நேற்று மாலை ஒத்திகையில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்தான். "பரிசை வலது கையால வாங்கு. இடது கையை நீட்டாதே." சாப்பிடுவது, விபூதி வாங்குவது, பெரியவர்களிடம் காசு கொடுப்பது எல்லாம் வலது கைதான். இடது கைக்கு நாம் ஒதுக்கி வைத்திருக்கும் வேலையை இந்தச் சபையில் சொல்ல முடியாது. அந்த இடது கையைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். இன்னும் சற்று நேரத்தில் நம் பிள்ளைகள் மூன்று பாட்டு வாசிக்கப் போகிறார்கள். அதைக் கேட்கும் முன்பு அவர்களுடைய இடது கை இந்த ஓராண்டில் என்ன பாடுபட்டது என்பதைப் பெற்றோர்களாகிய நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கித்தார் வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு பாட்டி பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா சார், எம் பேத்திக்குக் கித்தா கத்துக் குடுக்கிறீங்களாமே? முப்பது வருஷம் கித்தா வெட்டி நான் என்னத்தைக் கண்டேன்? இப்ப மரமே இல்ல, எல்லாம் செம்பனையாப் போச்சு. எதைப் போய் வெட்டப் போவுது அது?"

"கித்தா இல்ல பாட்டி, கித்தார். வாத்தியம்."

"ஓ, சினிமாவுல தோள்ல மாட்டிக்கிட்டு ஆடுவானுங்களே, அதுவா? அதுக்குக் கித்தாவே தேவலாம்."

பாட்டி இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி மறுபடி வருவேன்.

எனக்குக் கித்தார் முறையாக வந்ததல்ல. ஆசிரியர் பயிற்சியின்போது பாடத்திட்டம் எழுதவும், படம் வரையவும், திடலில் விசில் ஊதவும் சொல்லிக் கொடுத்தார்கள். கித்தார், விடுதியில் பக்கத்துக் கட்டில் நண்பர் வாசித்ததைப் பார்த்துப் பார்த்து நானாகப் பழகியது. நான்கைந்து கோர்டு தெரியும், பாட்டுக்குத் தாளம் போடத் தெரியும், அவ்வளவுதான். அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு பதினொரு பிள்ளைகளைச் சேர்த்து, புதன்கிழமை புறப்பாட நேரத்தில் வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். கித்தார் மொத்தம் நான்கு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்த முக்கால் அளவுக் கித்தார் இரண்டு, முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்தது ஒன்று, என்னுடைய பழைய கபோக் ஒன்று.

கித்தாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கோடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீணையில் அதை மெட்டு என்கிறோம். வீணையில் 24 மெட்டுகள், மெழுகில் பதித்திருக்கும். செவ்விசைக் கித்தாரில் பெரும்பாலும் 19, பலகையிலேயே அடித்து இறக்கியிருப்பார்கள். நான் இங்கே மெட்டு என்றே சொல்கிறேன். ஆறு தந்தியை வலது கை சும்மா மீட்டினால் ஆறு சுரம்தான் வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. இடது கை விரல் ஒரு தந்தியை அழுத்தி மெட்டின் மேல் படிய வைக்கும்போது தந்தியின் ஓடும் நீளம் குறைகிறது, சுரம் ஏறுகிறது. வலது கை சத்தம் போடுகிறது. என்ன சத்தம் என்று தீர்மானிப்பது இடது கை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் பிள்ளைகள் அழுத்தினால் சுரம் வராது. டொக், டொக் என்று மரத்தில் தட்டுவது போல வரும், அல்லது கரகரவென்று இரையும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அழுத்து. இன்னும் நல்லா அழுத்து. சாப்பிட்டியா இல்லையா?" இதுதான் என் போதனை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நானும் அப்படி அழுத்தித்தான் பழகினேன். பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்கள். கட்டை விரல் கழுத்தின் பின்பக்கம் வெளுத்துப் போகும், தோள் காது வரைக்கும் ஏறிவிடும்.

ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தகப்பனார் வேலை முடிந்து அப்படியே வந்துவிட்டார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். மகளின் இடது கையைப் பிடித்து என் முன்னே நீட்டினார். மூன்று விரல் நுனியிலும் கொப்புளம். ஒன்று உடைந்து ஈரமாக இருந்தது.

"சார், என் கை இப்படி இருக்கலாம். இது என் பொழைப்பு. இது கை இப்படி ஆகக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பறேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தன் கையைத் திருப்பி அவர் காட்டியபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் வரவில்லை. அவளைப் பார்த்து ஒரு பையனும் நின்றுவிட்டான்.

அந்த வாரம் பட்டணத்தில் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். வெகு காலம் கல்யாண வீடுகளிலும் கலை இரவுகளிலும் கித்தார் வாசித்தவர். என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, என் வலது கைப் பக்கமே திரும்பாமல் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வாத்தியாரே, தப்பா நினைக்காதீங்க. நீங்க புள்ளைங்களுக்குக் கித்தார் சொல்லிக் குடுக்கல, குஸ்தி சொல்லிக் குடுக்கிறீங்க."

அவர் எனக்குக் காட்டியதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் யாரிடமாவது கித்தார் இருந்தால் இன்று இரவே செய்து பாருங்கள். ஏதாவது ஒரு தந்தியில், ஐந்தாவது மெட்டுக்கு முந்திய கட்டத்தில், விரலைத் தந்தியின் மேல் சும்மா வையுங்கள். அழுத்த வேண்டாம். வலது கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். டொக் என்று செத்த சத்தம் வரும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், மீட்டுவதை நிறுத்தாதீர்கள். டொக் போய்க் கரகர வரும். இன்னும் ஒரு துளி அழுத்தினால் கரகர போய்த் தெளிவாக மணி போல வரும். அங்கேயே நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் வீண் செலவு. சில சமயம் தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதியும் கொஞ்சம் ஏறிப்போகும்.

இதையே விரலை இடம் மாற்றிச் செய்து பாருங்கள். கட்டத்தின் நடுவில் விரலை வைத்தால் தெளிவு வர அதிகம் அழுத்த வேண்டும். தலைப்பக்கமாகத் தள்ளிப் பழைய மெட்டின் பக்கம் வைத்தால் இன்னும் அதிகம். ஒலிக்க வேண்டிய மெட்டுக்கு ஒட்டினாற்போல, அதற்குச் சற்றே பின்னால் வைத்தால் தொட்டால் போதும். மெட்டின் மேலேயே ஏறிவிட்டாலோ சுரம் அடைத்துப்போகும். என் பிள்ளைகள் எல்லாரும் கட்டத்தின் நடுவில் வைத்திருந்தார்கள். நான் இடத்தைச் சொல்லாமல் பலத்தைக் கேட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக!

பெரியவர் அடுத்துக் கட்டை விரலைப் பிடித்தார். "கட்டை விரலை எடுத்துட்டு வாசிங்க" என்றார். எடுத்தால் எப்படி வாசிப்பது? வாசிக்கலாம். கித்தாரின் உடலை வலது முழங்கை லேசாக அணைத்துக்கொள்ள, இடது கையின் பாரமே விரலைப் பின்னுக்கு இழுத்துத் தந்தியை அமர்த்துகிறது. எப்போதும் அப்படி வாசிக்க வேண்டும் என்பதில்லை. கட்டை விரல் அங்கே தாங்குவதற்கு இருக்கிறது, நெரிப்பதற்கு இல்லை என்பது கைக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. பிறகு கட்டை விரலைக் கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு ஏறக்குறைய எதிரே, தளர்வாக வைத்துக்கொள்ளலாம்.

விரல்கள் கூரை வளைவு போல நிற்க வேண்டும், நுனிதான் தந்தியைத் தொட வேண்டும். விரல் படுத்துவிட்டால் பக்கத்துத் தந்தியும் வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் இடது கை நகத்தை ஒட்ட வெட்டச் சொல்கிறோம். (நகம் வெட்டாத பிள்ளைகளைச் சுகாதாரப் பரிசோதனையில் பிடிப்பதைவிடக் கித்தார் வகுப்பில் பிடிப்பது சுலபம்.) விரலுக்கு எண்ணும் உண்டு: ஆட்காட்டி 1, நடு 2, மோதிர 3, சுண்டு 4. கீபோர்டு பழகிய பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள், அங்கே கட்டை விரல்தான் 1.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் இல்லை, பாட்டிதான் இருந்தார். வாசலில் பேசியவர் இவர்தான். தவறு என்னுடையது, பிள்ளையின் கையில் குறையில்லை, அழுத்தச் சொல்லி நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன். கித்தாரைக் கொண்டுபோயிருந்தேன். டொக், கரகர, மணி என்ற மூன்றையும் வாசித்துக் காட்டினேன்.

பாட்டி சிரித்துவிட்டார். "இது எங்க வேலைதான் சார். கித்தா மரத்துல உளியை மேலாகப் போட்டா பால் வராது. ஆழமாப் போட்டா காயம் பட்டுரும், அப்புறம் அந்த எடத்துல பட்டை கட்டி கட்டியா வளரும், மறுபடி வெட்ட முடியாது. நூல் கணக்கு. புதுசா வர்றவங்கதான் முக்கி முக்கி வெட்டுவாங்க. கண்டாக்கு வந்து ஏசுவாரு."

எனக்கு ஒரு நொடி மயிர் கூச்செறிந்தது. அறிவியல் பாடத்தில் படித்ததுதான். ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. படலத்தைத் தொடாமல் அதன் பக்கத்தில் போய் நிற்பதுதான் வெட்டின் நுட்பம். இருட்டு விலகாத காலையில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் அந்த அளவைக் கைதான் அறியும். நான் பெரியவரிடம் காசு செலவழித்துப் போய்க் கேட்டு வந்ததை இந்த அம்மா முப்பது வருஷமாகக் கையில் வைத்திருந்திருக்கிறார்.

பாட்டி பேத்தியைக் கூப்பிட்டு, "காயம் படாம வெட்டுடி" என்றார். அடுத்த புதன்கிழமை அவள் வந்தாள். தகப்பனாரிடம் பாட்டி என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நின்றுபோன அந்தப் பையன் வரவில்லை. பிறகு குடும்பமே வேறு ஊருக்குப் போய்விட்டது. அது என் கணக்கில் நிற்கிறது.

நிற்க. பெற்றோர்கள் கேட்கும் கேள்வி, "வலிக்குமா?" என்பது. வலிக்கும். ஆனால் வலியில் இரண்டு உண்டு. விரல் நுனி எரிவது ஒன்று. புதுச் செருப்புக் கடிப்பது போல. தினமும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று வாசித்து வந்தால் சில வாரங்களில் தோல் தடித்து அது நின்றுவிடும். கொப்புளம் கட்டினால் ஆறும்வரை வாசிக்க விடாதீர்கள். குளித்த உடனேயும் வேண்டாம், தோல் ஊறியிருக்கும். இன்னொன்று மணிக்கட்டிலும் கட்டை விரல் அடியிலும் வரும் வலி. அது பழகிப் போகிற வலி அல்ல. அது வந்தால் பிடி தவறு என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு என்னிடம் அனுப்புங்கள். நைலான் தந்தியில் இழுவிசை குறைவு, விரலுக்கு இதம். ஆகவே சின்னப் பிள்ளைக்கு முதல் கித்தார் வாங்குகிறவர்கள் அதையே கேட்டு வாங்குவது நல்லது.

"இது நம்ம வாத்தியமா சார்?" என்றும் சிலர் கேட்டார்கள். இளையராஜாவின் பாட்டை ஒலிபெருக்கியில் போடாத கல்யாணம் நம் தோட்டத்தில் நடந்திருக்கிறதா? 1976-இல் அன்னக்கிளி படத்துக்கு இசையமைக்குமுன் அவர் பிறருடைய இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்விசைக் கித்தார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். அந்தக் கேள்விக்கு இது போதும்.

பிள்ளைகளுக்குப் பிடித்த கதை வேறொன்று. ஐரோப்பாவில் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்று ஒருவர், நாடோடி வண்டியில் வாழ்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். 1928-இல் வண்டியில் தீப்பிடித்து அவருடைய இடது கை வெந்து, மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப்போயின. அதன் பிறகு ஆட்காட்டி, நடு ஆகிய இரண்டு விரலாலேயே தனி வாசிப்பு முழுவதையும் அமைத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்றார். இதைச் சொன்ன மறுநாள் என் வகுப்பில் எல்லாரும் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு வாசித்தார்கள். ஏன் இந்தக் கதையைச் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

கோர்டு மாற்றுவதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய மலை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், இடது கை மட்டும் பேருந்தைத் தவறவிட்ட ஆள் போல நிற்கும். எல்லா விரலையும் எடுத்துவிட்டு மறுபடி ஒவ்வொன்றாக வைப்பதால் வரும் சங்கடம் இது. எதை எடுக்க வேண்டாம் என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது. மோதிர விரல் மூன்றாம் தந்தியை விட்டு ஐந்தாம் தந்தியின் மூன்றாவது மெட்டுக்குப் போகிறது, மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஏ மைனரிலிருந்து ஈ-க்குப் போக மூன்று விரலும் அதே வடிவத்தில், குடும்பத்தோடு, அடுத்த தந்திக்குக் குடிபெயர்கின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று ஒரு மாணவன் துள்ளிக் குதித்து, "சார், ஏன் இதை மொதல்லயே சொல்லல?" என்றான். எனக்கே அந்த வாரம்தான் தெரியும் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

வரிசைப் பயிற்சியை ஐந்தாவது மெட்டிலிருந்து தொடங்குகிறோம். காரணம் கணக்கில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் அடிக்கோல் வைத்து அளந்தார்கள். 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள முழு அளவுக் கித்தாரில் முதல் கட்டம் சுமார் 36 மில்லிமீட்டர், ஐந்தாவது கட்டம் 29, பன்னிரண்டாவது 19. பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 325-இல் விழுகிறது. சின்னக் கைக்கு ஐந்தாவது கட்டம் எட்டும். அங்கே 1, 2, 3, 4 என்று விரலுக்கு ஒரு கட்டமாக வைத்துப் பழகிவிட்டு, ஒவ்வொரு கட்டமாகத் தலைப்பக்கம் இறங்கி வரலாம். கட்டங்கள் ஏன் இப்படிச் சுருங்குகின்றன என்று ஒரு பெண் கேட்டாள். 1581-இல் வின்சென்சோ கலிலேயி என்ற இத்தாலியர், வானியல் அறிஞர் கலிலியோவின் தகப்பனார், லூட் என்ற வாத்தியத்துக்கு 18-க்கு 17 என்ற விகிதத்தைச் சொன்னார். தந்தியை 18 பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளி மெட்டு வை, மீதமுள்ளதை மறுபடி 18 பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளு, இப்படியே போ. இன்று கணக்கிட்டு 18-க்குப் பதில் சுமார் 17.8 என்று வகுக்கிறார்கள். பின்னக் கணக்கு என்றால் ஓடும் பிள்ளைகள் அன்று மணி அடித்த பிறகும் வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மூன்றாம் பருவத்தில் சில அணிகளையும் தொட்டோம். மீட்டிய தந்தியின் மேல் இன்னொரு விரலைச் சுத்தியல் போல மெட்டுக்குப் பக்கத்தில் இறக்கினால், மறுபடி மீட்டாமலே சுரம் ஏறும். ஹேமர்-ஆன் என்பார்கள். எடுக்கும்போது விரலைச் சும்மா தூக்கிவிடாமல் சற்றுக் கீழ்ப்பக்கம் சுண்டி எடுத்தால் கீழ்ச்சுரம் ஒலிக்கும், அது புல்-ஆஃப். அழுத்தத்தை விடாமல் அடுத்த மெட்டுக்கு வழுக்கிப் போவது சறுக்கு. நம் பாட்டுகளில் சுரம் நெளிந்து நெளிந்து வருவதால் பிள்ளைகளுக்குச் சறுக்கில்தான் ஆசை. சொல்லாமலே கற்றுக்கொண்டார்கள்.

எஃப் என்ற கோர்டு மட்டும் இன்னும் எங்களுக்கு அடங்கவில்லை. ஆட்காட்டி விரலை முதல் கட்டத்தில் ஆறு தந்திக்கும் குறுக்கே கட்டை போலப் படுக்க வைக்க வேண்டும். அங்கே தலைப்பக்கம் நெருங்கி இருப்பதால் தந்தி விறைப்பாக நிற்கும். விரலின் தட்டைப் பக்கத்தில் மடிப்புகளுக்குள் தந்தி ஒளிந்துகொள்ளும், ஆகவே சற்றே பக்கவாட்டில் உருட்டி எலும்போரத்தால் பிடிக்க வேண்டும். பெரியவர்களே திணறுவார்கள். நாங்கள் நான்கு தந்தி மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் வைத்துச் சமாளிக்கிறோம்.

பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே கேட்கிறது. முதல் இரண்டு பாட்டிலும் பயமில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் அந்த எஃப் இரண்டு தடவை வருகிறது. இடமிருந்து இரண்டாவதாக உட்காரப் போகும் பெண் நேற்று என்னிடம் வந்து, "சார், ஒருவேளை கரகரன்னு வந்துச்சுன்னா?" என்று கேட்டாள். "வந்தா வரட்டும், அழுத்தாதே. விரலைக் கொஞ்சம் தள்ளிப் பாரு" என்றேன். அவளுடைய தகப்பனாரும் இன்று வேலையை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் நிற்கிறார். அண்ணே, முன்னால் பாட்டி பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். கை தெரிகிற இடம் அதுதான்.